கடலோரத்தில் வெட்டிய ஊர்: ஆலப்புழையின் கால்வாய்கள் கற்றுத் தரும் அறிவியல்

மாணவர்களே, சுங்கை ரம்பாயிலிருந்து மூவாருக்குப் போகும் வழியில் கெசாங் ஆற்றைக் கடந்திருப்பீர்கள். அந்த ஆறுதான் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லை. மூவாரைத் தாண்டினால் பாரிட் பாக்கார், பாரிட் ஜாவா என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். 'பாரிட்' என்றால் மனிதர் வெட்டிய வாய்க்கால். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, தென்னையும் பாக்கும் பிறகு செம்பனையும் நட்டுத்தான் இந்தக் கரையோரத்தில் மக்கள் குடியேறினார்கள். வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் ஒரு நீர்க்கதவு இருக்கும். அதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது எதற்காக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்தக் கதவைப் புரிந்துகொள்ள இந்த வாரம் கேரளத்துக்குப் போவோம். கடற்கரையில் திட்டம் போட்டு, கால்வாய் வெட்டி, படகுகளுக்காகவே உருவாக்கிய ஊர் ஒன்று அங்கே உள்ளது. அதுதான் ஆலப்புழை. 'கிழக்கின் வெனிஸ்' என்று சுற்றுலா விளம்பரங்கள் அதை அழைக்கின்றன. கொச்சியிலிருந்து தெற்கே சாலை வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மலேசியாவிலிருந்து கொச்சிக்குப் பறக்கும் நம்மவர்கள் பலர் அங்கே படகு வீட்டில் ஒருநாள் தங்கிவிட்டு வருகிறார்கள். படங்களில் தென்னையும் தண்ணீரும்தான் தெரியும். அந்தத் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்பது படங்களில் தெரியாது.

துறைமுகம் இல்லாத இடத்தில் ஒரு துறைமுகம்

18ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. தர்ம ராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராம வர்மா அரசர். மிளகும் ஏலக்காயும் மலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை வெளிநாட்டுக் கப்பல்களில் ஏற்ற அரசுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. 1762ஆம் ஆண்டில் ஆலப்புழைத் துறைமுகம் திறக்கப்பட்டதாக வரலாறு குறிக்கிறது. பின்னாளில் திவானாக உயர்ந்த ராஜா கேசவதாஸ் அந்த ஊரை வளர்த்தவர் என்று போற்றப்படுகிறார்.

நில அமைப்பைக் கவனியுங்கள். மேற்கே அரபிக் கடல். கிழக்கே வேம்பநாட்டுக் காயல். இந்தக் காயல் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இந்தியாவின் மிக நீளமான ஏரி. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் முதலிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இதில் கலக்கின்றன. கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் நீண்டு கிடக்கிறது. ஆலப்புழை அந்த மணல் மேல் உள்ளது.

மலைச் சரக்கு ஆறு வழியாகக் காயலுக்குப் படகில் வந்துவிடும். காயலிலிருந்து கடற்கரை வரை என்ன செய்வது? அந்த இடைவெளியைக் குறுக்காக வெட்டினார்கள். வாடைக் கால்வாய், வணிகக் கால்வாய் என்று இரண்டு நீண்ட கால்வாய்கள் ஏறக்குறைய இணையாகக் காயலிலிருந்து கடற்கரைப் பக்கம் செல்கின்றன. கரைகளில் கிடங்குகள் எழுந்தன. குஜராத், கட்ச் பகுதி வணிகர்கள் குடியேறினார்கள். 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கினார். 1862இல் கடலுக்குள் நீண்ட பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதன் சிதைந்த தூண்கள் இன்றும் கடற்கரையில் நிற்கின்றன.

முப்பது டன் சுமை, இரண்டு கழி

ஏன் சாலை போடாமல் கால்வாய் வெட்டினார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாட்டு வண்டி ஏறக்குறைய ஒரு டன் சுமை இழுக்கும். கேரளத்தின் பெரிய கெட்டுவள்ளங்கள் 30 டன் வரை ஏற்றின. 'கெட்டு' என்றால் கட்டியது. பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. நீண்ட கழிகளைக் காயலின் அடித்தரையில் ஊன்றித் தள்ளியே ஓரிரு ஆட்கள் அதை நகர்த்திவிடுவார்கள்.

காரணம் ஆர்க்கிமிடீஸ் தத்துவம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்த நீரின் மேல்நோக்கிய உந்துவிசை எடை முழுவதையும் தாங்கிக்கொள்கிறது. படகோட்டி சமாளிக்க வேண்டியது நீரின் இழுவையை மட்டும்தான். வேகம் இரு மடங்கானால் இந்த இழுவை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகப் போனால் மிகக் குறைந்த உழைப்பில் பெரும் சுமையை நகர்த்தலாம். மிளகு மூட்டைக்கு என்ன அவசரம்!

இப்போது ஆழத்தைக் கணக்கிடுவோம். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 60 சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள். 10 செண்டிமீட்டர் அமிழ்ந்தால் அது ஒதுக்கும் நீர் 60 × 0.1 = 6 கன மீட்டர். நன்னீரில் அது 6 டன். அதாவது 6 டன் ஏற்றினால் படகு 10 செண்டிமீட்டர் இறங்கும். 30 டன் ஏற்றினால் அரை மீட்டர் இறங்கும். கால்வாயின் அடியில் 30 செண்டிமீட்டர் சேறு படிந்துவிட்டால் என்ன ஆகும்? அதே படகில் 18 டன்னைக் குறைக்க வேண்டும். கால்வாய் நகரின் முதல் எதிரி சேறு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அலையை அடக்கும் சேறு

அதே சேறு கடல் பக்கத்தில் ஆலப்புழைக்கு நண்பனாக இருந்தது என்பது வேடிக்கை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, அரபிக் கடல் கொந்தளிக்கும். மற்ற கடற்கரைகளில் படகு இறக்கவே முடியாது. ஆனால் ஆலப்புழை, அம்பலப்புழை, புறக்காடு கரைகளில் சில இடங்களில் கடல் குளம் போல அமைதியாகிவிடும். மீனவர்கள் அதைச் 'சாகரை' என்பார்கள்.

அங்கே கடலடியில் மிக நுண்ணிய களிமண் சேறு உள்ளது. பருவமழை அலைகள் அதைக் கிளறி நீரில் கலக்கும்போது நீர் குழம்பு போலக் கெட்டியாகிறது. அலை அந்தக் குழம்பின் மேல் வரும்போது சேறும் சேர்ந்து அசைகிறது. சேற்றின் உள் உராய்வில் அலையின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைந்து போகிறது. கரையை அடையும்போது அலையில் வலுவில்லை. தட்டில் தண்ணீரை ஆட்டிப் பாருங்கள். பிறகு அதே தட்டில் கெட்டியான கஞ்சியை ஆட்டிப் பாருங்கள். வித்தியாசம் புரிந்துவிடும்.

கப்பல்கள் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் சரக்கு ஏற்ற இந்த அமைதி உதவியது. தடுப்புச் சுவர் கட்டாமலே கிடைத்த துறைமுகம் அது. 20ஆம் நூற்றாண்டில் கொச்சியில் ஆழமான நவீனத் துறைமுகம் உருவானதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. ஆலப்புழைக்குக் கால்வாய்கள் மிஞ்சின.

ஓடாத நீர் ஏன் நாறுகிறது?

ஆறு ஓடுகிறது, ஏனென்றால் அது சரிவில் இருக்கிறது. கடலோரக் கால்வாய்க்குச் சரிவு கிடையாது. இரு முனைகளும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அப்படியானால் அதன் நீரை எது அசைக்கும்? மழைவெள்ளம் கொஞ்சக் காலம் அசைக்கும். மற்ற நாள்களில் வேலை செய்வது கடலின் ஏற்ற இறக்கம்தான். ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறி இறங்குகிறது.

மீண்டும் ஒரு கணக்கு. ஒரு கால்வாயின் நீளம் 1,000 மீட்டர், அகலம் 10 மீட்டர், கடல் இறங்கியிருக்கும்போது ஆழம் 1 மீட்டர். அதில் உள்ள நீர் 10,000 கன மீட்டர். கடல் ஏறும்போது மட்டம் 20 செண்டிமீட்டர் உயர்ந்தால் புதிதாக வருவது 2,000 கன மீட்டர். மொத்த நீரில் ஆறில் ஒரு பங்கு. மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் வருவது 10,000 கன மீட்டர். மொத்த நீரில் பாதி. மட்டம் உயரவே இல்லையென்றால்? சுழியம். நேற்றைய கழிவு இன்றும் அங்கேயே இருக்கும்.

ஆலப்புழைக் கால்வாய்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. காயல் கடலோடு சேரும் பெரிய வாய் வடக்கே தொலைவில் கொச்சியில் உள்ளது. அங்கே நுழையும் கடலேற்றம் காயலின் நீளம் முழுவதும் பயணம் செய்து தெற்கே வருவதற்குள் வலுவிழந்துவிடும். கால்வாய்களின் கடற்கரை முனையிலும் ஆற்றைப் போல அகன்ற கடல்வாய் கிடையாது.

தேங்கிய நீரில் நடப்பது இதுதான். வீட்டுக் கழிவும் இலைதழையும் விழுகின்றன. பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்க நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. நம் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நல்ல நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாக்குப்பிடிக்காது. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு வேறு வகைப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இவை ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய உண்டு. அதனால்தான் உப்பு கலந்த நீர் தேங்கும்போது நாற்றம் இன்னும் கடுமையாக இருக்கிறது.

கீழ்வழியாக நுழையும் உப்பு

கடல் ஏறினால் கால்வாய் சுத்தமாகும். ஆனால் கூடவே உப்பும் வரும். அது எப்படி வருகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு கண்ணாடித் தொட்டியில் பாதி அளவு சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சில துளி சாப்பாட்டு வண்ணம் சேருங்கள். அதைத் தொட்டியின் பக்கச் சுவரை ஒட்டி மிக மெதுவாக ஊற்றுங்கள். வண்ண நீர் அடியில் பரவி நகரும். மேலே தெளிந்த நீர் அப்படியே நிற்கும். ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோகிராம். கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம். இந்த 25 கிலோகிராம் வித்தியாசம் போதும், உப்புநீர் ஆப்பு போல அடிவழியாக ஆற்றுக்குள் நுழைந்துவிடும். மேல்நீரை மட்டும் சுவைத்துவிட்டு 'உப்பில்லை' என்று சொல்லும் விவசாயி ஏமாந்து போவார்.

உப்பு இன்னொன்றையும் செய்கிறது. ஆற்றில் வரும் களிமண் துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொள்வதால் நன்னீரில் அவை நெடுநேரம் மிதக்கும். உப்பின் அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும். உடனே துகள்கள் ஒட்டித் திரண்டு கனமாகி அடியில் படியும். ஆறும் கடலும் சந்திக்கும் இடங்களில் சேறு குவிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம் மலாக்காவின் கழிமுகமும் இதற்கு விலக்கல்ல.

ஒரு கதவு, இரண்டு பக்கம்

ஆலப்புழைக்கு அருகில் குட்டநாடு உள்ளது. அங்கே காயலின் பகுதிகளைக் கரை கட்டி அடைத்து, நீரை இறைத்து வெளியேற்றி, கடல்மட்டத்துக்குக் கீழே நெல் பயிரிடுகிறார்கள். சில வயல்கள் கடல்மட்டத்தைவிட இரண்டு மீட்டர் தாழ்ந்தவை. 2013இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் உப்பு: குட்டநாட்டு உழவருக்கு இரு பக்கமும் இடி. வெள்ளம் கடலுக்கு விரைவில் வடிய 1955இல் தோட்டப்பள்ளியில் வடிகால் மதகு கட்டப்பட்டது. உப்பைத் தடுக்க 1970களின் நடுவில் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை செயலுக்கு வந்தது. கோடைக்காலத்தில் அதன் கதவுகள் மூடப்படும். கதவுக்குத் தெற்கே நீர் நன்னீராகவே இருக்கும். நெல் பிழைத்தது. உழவர்களுக்கு அது உண்மையான நன்மை.

ஆனால் ஆலப்புழை நகரும் அதன் கால்வாய்களும் அதே தெற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நம் கணக்கில் வந்த 'சுழியம்' நினைவிருக்கிறதா? கதவு மூடியிருக்கும் மாதங்களில் அதுதான் அங்கே நிலைமை. கழிவும் உரமும் வெளியேற வழியில்லை. ஆகாயத் தாமரை பெருகுகிறது. மலாயில் கெலாடி புந்திங் என்று சொல்லும் அதே செடிதான். முன்பு ஆண்டுதோறும் வந்த உப்புநீர் அதை அழித்துவிடும். இப்போது உப்பு வருவதில்லை. கடலுக்கும் காயலுக்கும் போய்வந்து வளரும் இறால்களும் மீன்களும் கதவில் முட்டித் திரும்புகின்றன. நீரில் உப்பு குறைந்தால் காயல் சிப்பிகளின் இனப்பெருக்கமும் பாதிக்கப்படும்.

ஆகவே ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: கதவை எப்போது திறப்பது? அறுவடை முடியும்வரை திறக்காதே என்கிறார் உழவர். சீக்கிரம் திற என்கிறார் மீனவர். இருவர் சொல்வதும் நியாயம். விதைப்பைத் தள்ளிப்போட்டால் அறுவடை தள்ளிப்போகும். கதவு மூடியிருக்கும் நாளும் கூடும். எந்த எந்திரமும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது. எல்லோரும் ஒரே பயிர்க் கால அட்டவணைக்கு ஒத்துக்கொண்டால்தான் விடை கிடைக்கும்.

வெனிஸ் முதல் மலாக்கா வரை

இத்தாலியின் வெனிஸ் நகருக்கும் இதே கேள்விதான். கடல் பொங்கி நகருக்குள் புகாமல் தடுக்க, அதன் காயலின் மூன்று கடல்வாய்களில் 78 எழும்பும் கதவுகள் அமைக்கப்பட்டன. 2020 அக்டோபர் 3ஆம் நாள் அவை முதன்முறையாக உண்மையான பெருங்கடலேற்றத்தைத் தடுத்தன. நகரம் நனையவில்லை. ஆனால் வெனிஸின் கால்வாய்களை நாள்தோறும் அலசுவது அதே கடலேற்றம்தான். கடல்மட்டம் உயர உயர, கதவை அடிக்கடி மூட வேண்டியிருக்கும். அப்போது அலசல் குறையும்.

நம் மலாக்கா ஆற்றில் படகுச் சவாரி போயிருப்பீர்கள். முகத்துவாரத்துக்கு அருகே நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் கதவணை உண்டு. மலாக்கா கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலின் ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டரை நெருங்கும். கதவணை இல்லையென்றால் கடல் இறங்கும் நேரத்தில் ஆற்றின் சேற்றுக் கரைகள் வெளியே தெரியும், படகும் தட்டும். நீரைத் தேக்கினால் படகு ஓடும். ஆனால் தேக்கிய நீரில் எது விழுகிறதோ அது அங்கேயே தங்கும். எனவே மேலே உள்ள கம்பங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் வரும் வடிகால்களைச் சுத்தமாக வைத்திருப்பது படகு ஓட்டுவதைப் போலவே முக்கியமாகிறது.

ஆலப்புழை போனால் எதைப் பார்ப்பீர்கள்?

படகு வீட்டில் மட்டும் ஏறாதீர்கள். மாநில அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகளில் குறைந்த கட்டணத்தில் ஊர் மக்களோடு போகலாம். வைக்கத்தில் 2017 முதல் 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் படகு ஓடுகிறது. டீசல் படகு நீரில் எண்ணெய்ப் படலம் விடும், இது விடாது. பழைய கால்வாய்க் கரையில் நடந்து பாருங்கள். நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு இலையைப் போட்டுக் கவனியுங்கள். நகரவே இல்லையென்றால் காரணம் உங்களுக்குத் தெரியும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஊரிலேயே தொடங்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அருகிலுள்ள நீர்க்கதவுக்குப் போங்கள். கரையிலிருந்து மட்டும் பாருங்கள். சில கதவுகள் மேலே கீல் வைத்துத் தொங்கவிடப்பட்டவை. கடல் ஏறும்போது வெளிநீரின் அழுத்தம் கூடி அவை தாமாக மூடிக்கொள்ளும். கடல் இறங்கியதும் உள்நீர் தள்ளித் திறக்கும். மின்சாரம் தேவையில்லை. வேறு சில கதவுகளை ஆள் இருந்து ஏற்றி இறக்க வேண்டும். உங்கள் ஊர்க் கதவு எந்த வகை? அது மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் வாய்க்கால் நீரின் நிறம், மணம், மட்டம் எப்படி மாறுகின்றன? இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாள்களைத் தனியாகக் குறியுங்கள்.

கால்வாய் வெட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. அதில் நீரை நகர வைப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. ஆலப்புழையை வெட்டியவர்கள் போய் 200 ஆண்டுக்கு மேலாகிறது. கதவை எப்போது திறப்பது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை. உங்கள் குறிப்பேட்டில் எழுதும் எண்கள், நம் ஊரில் அந்தப் பேச்சு வரும்போது உதவும்.